மணிலாவின் நான்கு நாட்கள்

சிற்றலை வானொலியில் வேரித்தாஸ் தமிழ் ஒலிபரப்பைக் கேட்டு வளர்ந்த இல்லங்கள் நம் பங்கில் பல உண்டு. அக்குரல் மணிலாவிலிருந்து வந்தது. அந்நிலையத்தின் உள்நாட்டு ஒலிபரப்பு 1986-இல் ஓர் ஆட்சியையே அசைத்த வரலாற்றை நம் இளையோர் அறியார்.

பிலிப்பீன்ஸ் அதிபர் மார்க்கோஸ் 1972-இல் இராணுவச் சட்டம் பிறப்பித்தார். எதிர்த்தவர்கள் சிறைப்பட்டனர், பலர் மாண்டனர். பொதுவுடைமையாளரின் 'புதிய மக்கள் படை' 1969 முதலே காடுகளில் போரிட்டு வந்தது. குருக்கள் சிலரும் அதில் சேர்ந்தனர். ஆப்ரா மலைநாட்டுக் குரு கொன்ராடோ பால்வேக், தம் மலைவாழ் மக்களின் காடு பறிபோகக் கண்டு 1979-இல் துப்பாக்கி ஏந்தினார். பீடத்தண்டை நின்றுகொண்டு அவரைக் குறைகூற எனக்கு நா எழவில்லை. ஆயினும் 1986-இல் அவர் அப்படையைப் பிரிந்தார். 1999-இல் அப்படையினரே அவரைச் சுட்டுக் கொன்றனர்.

அறவழியும் தானாக முளைக்கவில்லை. எதிர்க்கட்சித் தலைவர் பெனிஞோ அக்கினோ 1983 ஆகஸ்டு 21-இல் மணிலா விமான நிலையத்தில் கொல்லப்பட்டார். மறு ஆண்டு ஆஸ்திரிய நாட்டு ஹில்டெகார்டு கோஸ்-மேயரும் அவர் கணவர் ஜான் கோஸும் வந்து அகிம்சைப் பயிற்சி அளித்தனர். 1986 பிப்ரவரி 7 தேர்தலில் அக்கினோவின் மனைவி கோரசோன் போட்டியிட்டார், மோசடி தலைவிரித்தாடியது. மோசடியால் நிலைக்கும் அரசுக்கு அறநெறி அடிப்படை இல்லையென ஆயர் பேரவை துணிந்து அறிவித்தது.

பிப்ரவரி 22 அன்று பாதுகாப்பு அமைச்சர் என்ரிலேயும் தளபதி ராமோசும் கலகம் செய்து இராணுவ முகாமில் புகுந்தனர். அவர்களைக் காக்க வாருங்கள் என்று கர்தினால் ஹைமே சின் வேரித்தாஸ் வழியே அழைத்தார். (ஆங்கிலத்தில் அவர் பெயர் 'பாவம்' என்று பொருள்படும், அதைச் சொல்லி அவரே சிரிப்பார்.) எட்சா நெடுஞ்சாலை மக்களால் நிரம்பியது. மறுநாள் டாங்கிகள் வந்தன. கன்னியர் செபமாலையோடு முழந்தாளிட்டனர். மக்கள் போர்வீரர்களுக்கு உணவும் மலரும் நீட்டினர். டாங்கிகள் நின்றன! 25-ஆம் நாள் இரவு மார்க்கோஸ் அரண்மனையை விட்டு ஓடினார்.

ஒன்றை மறைக்கலாகாது. மக்கள் தங்கள் உடலால் காத்தது ஆயுதம் தாங்கிய கலகக்காரரைத்தான். அந்த என்ரிலே, முன்பு இராணுவச் சட்டத்தையே நடத்தியவர். இருபுறமும் துப்பாக்கி இருக்க, நடுவில் மக்கள் நின்றனர். ஏழை உழவனின் நிலப் பிரச்சினையும் அந்நான்கு நாட்களில் தீரவில்லை. 1987 ஜனவரி 22-இல், கோரசோன் அக்கினோவின் ஆட்சியிலேயே, நிலம் கேட்டு அரண்மனை நோக்கி ஊர்வலம் சென்றவர்களில் 13 பேர் சுடப்பட்டு இறந்தனர். காட்டுப் போரும் ஓயவில்லை. 2022 தேர்தலில் மார்க்கோசின் மகனே அதிபரானார். அவருக்கு வாக்களித்தோரில் பலர் எட்சாவுக்குப் பின் பிறந்தவர்கள்.