துக்க மோதிரமும் கயத்தாற்றுக் கற்குவியலும்

இறந்தவர் நினைவாக மோதிரம் அணியும் வழக்கம் இங்கிலாந்தில் நெடுங்காலம் நிலவியது. இறந்தவரின் பெயரும் இறந்த நாளும் அதில் பொறிக்கப்படும். சிலவற்றினுள் அவருடைய தலைமயிரும் பொதிந்திருக்கும். சேக்சுபியர் 1616-ஆம் ஆண்டு உயிலில், நாடகத் தோழர் மூவருக்கு மோதிரம் வாங்கத் தலைக்கு 26 சில்லிங் 8 பென்சு ஒதுக்கினார். அத்தகைய மோதிரம் ஒன்று கிடைப்பின், ஒரு குடும்பத்தின் உறவும் நட்பும் அதனால் விளங்கும்.

உயில் எழுதவும் வழியின்றி அழிக்கப்பட்ட குடும்பத்துக்கு நினைவுச் சின்னம் எது? கோவிற்பட்டிக்குத் தெற்கே, கரிசல் நிலத்திடையே உள்ள கயத்தாறு இதற்கு விடை கூறுகிறது.

பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16-ஆம் நாள் அங்கே தூக்கிலிடப்பட்டார். மேஜர் பானர்மன் ஏனைய பாளையக்காரரை வரவழைத்து, அவர்கள் கண்முன்னே அதனை நிறைவேற்றினார். அவர்கள் அஞ்சவேண்டும் என்பதே நோக்கம். ஆயினும் தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடிந்த கோட்டையை மீண்டும் எழுப்பிப் போரிட்டார். அவ்வாண்டு நவம்பரில் அவரும் தூக்கிலேறினார்.

கட்டபொம்மன் மாண்ட இடத்தைக் கடந்து சென்ற வழிப்போக்கர்கள் ஆளுக்கொரு கல்லை இட்டு வணங்கிச் சென்றனர். நாளடைவில் அது பெருங்குவியலாயிற்று. நடிகர் சிவாஜி கணேசன் 1970-இல் அங்கே சிலை எழுப்பினார்.

மோதிரம் பெற்றவர் உயிலில் பெயர் கண்டவர். கல்லிட்டவரையோ எவரும் அழைக்கவில்லை. அவர்கள் பெயரும் எங்கும் இல்லை. அஞ்சுவதற்கென்று காட்டப்பட்ட சாவுக்கு அவர்கள் துக்கம் காத்தார்கள். வரலாறு படிக்கும் நீங்கள் பொறித்த எழுத்தோடு பொறிக்காத கல்லையும் சான்றாகக் கொள்ளவேண்டும் என்பேன்.