நெல் தரிசு உளுந்து: குமராட்சி வட்டாரம்

கடலூர் மாவட்டத்தில் சிதம்பரம்–காட்டுமன்னார்கோயில் சாலையில் உள்ள குமராட்சி, காவிரிப் பாசனத்தின் கடைமடைப் பகுதி. மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 1,200 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆண்டு மழையை, நிலமும் செடியும் ஆவியாக்கக்கூடிய நீரளவால் வகுத்து, விடை 0.65க்குக் கீழே வந்தால் அதை வறள்நிலம் என்பது உலக வழக்கு. இந்த ஆண்டுக் கணக்கு ஒன்றை மறைக்கிறது: ஒரே வயல் கார்த்திகையில் வெள்ளக்காடாகவும் மாசியில் வறள்நிலமாகவும் இருக்க முடியும். செடியின் வளர்ச்சியைத் தீர்மானிப்பது வேர் எட்டும் ஆழத்தில் உள்ள ஈரமும் அது நீடிக்கும் நாட்களும்தான். சம்பா வயலில் விதைக்கும் உளுந்து இதற்கு நல்ல சான்று.

நெல் அறுப்புக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது உளுந்தை வீசி விதைக்கிறார்கள். தண்ணீர் நின்றால் விதை அழுகும். பதம் தப்பினால் முளைக்காது. அறுப்புக்குப் பின் தாளுக்கு நடுவே நிற்கும் நாற்றுக்குப் பாசனம் இல்லை. மேட்டூர் அணையும் வழக்கமாக ஜனவரி 28இல் மூடப்படும். அதனால்தான் 70 முதல் 75 நாளில் முதிரும் ஆடுதுறை 3 போன்ற குறுகிய வயது ரகம் இங்கே பொருந்துகிறது. காய்ந்த மேல்மண்ணில் உரம் கரையாது என்பதால் பூக்கும்போதும், அதிலிருந்து பதினைந்து நாள் கழித்தும் இரண்டு சத டிஏபி கரைசலை இலைமேல் தெளிக்கிறார்கள்.

பயிரை வளர்ப்பது பனிதான் என்று சொல்வதுண்டு. பனி காலையில் இலையை நனைத்து, நீரிழப்பைச் சற்றுத் தள்ளிப்போடும், அவ்வளவே. ஓர் இரவுப் பனி ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. பயிர் குடிப்பது களிமண் பிடித்து வைத்த மழையையும் வாய்க்கால் நீரையும்தான். அப்படியானால் களிமண் இருந்தாலே போதுமா என்றால், போதாது. காயும் களி விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். வெடிப்பில் வேர் அறும், அடிமண் ஈரமும் வெளியேறும். ஏறத்தாழ இதே மழை பெறும் விருத்தாசலம் பக்கத்துச் செம்மண்ணில் நீர் மேலே தங்காது. ஆழமாக வேர்விடும் முந்திரி அங்கே தாக்குப்பிடிக்கிறது. பிச்சாவரத்தில் இன்னொரு வகை வறட்சி: காலடியில் நீர் நின்றும் உப்பு அதை உறிஞ்சவிடாததால், அலையாத்தி மரங்கள் வறள்நிலச் செடிகளைப்போலத் தடித்த இலைகளோடு நிற்கின்றன.