ஸ்பைரோமீட்டர்

மூச்சு விடுதலைக் குறிக்கும் ‘ஸ்பிராரே’ என்ற லத்தீன் வினையும், அளவைக் குறிக்கும் ‘மெட்ரான்’ என்ற கிரேக்கச் சொல்லும் ஒட்டிய கலப்புப் பெயர். இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் லண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன். 1846-இல் அவர் விவரித்த கருவி எளியது: தண்ணீரில் கவிழ்த்த ஒரு பாத்திரம், கப்பிகளில் தொங்கும் எடைகள். குழாயில் ஊதினால் பாத்திரம் மேலெழும். எழுந்த உயரமே காற்றின் அளவு. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஊதவைத்து, ஆள் உயர உயர அளவும் கூடுவதைக் கண்டார்.

முழுக்க இழுத்து, முழுக்க வெளிவிடும் காற்றுக்கு அவர் வைத்த பெயர் ‘வைட்டல் கெப்பாசிட்டி’. ‘வீட்டா’ என்றால் வாழ்வு. ஆயுள் காப்பீட்டுக்கு ஆள் தேர இந்த அளவு உதவும் என்று நம்பியவர், அப்படித்தான் பெயர் வைப்பார்! தமிழில் இதை ‘உயிர்ப்புத் திறன்’ என்கிறார்கள். மூலத்தைவிட இதுவே பொருத்தம் என்பேன். உயிர்த்தல் என்றாலே மூச்சுவிடுதல்தானே. பெருமூச்சு விடுவது நெட்டுயிர்த்தல்.

இன்றைய பரிசோதனையில் மூக்கில் கிளிப் மாட்டி, “ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க” என்று விரட்டுவார்கள். முதல் நொடியில் எவ்வளவு வெளிவருகிறது என்பதும் கணக்கு. ஆஸ்துமாவில் அது குறையும். எவ்வளவு ஊதினாலும் சுமார் 1.2 லிட்டர் உள்ளேயே தங்கிவிடும். அந்த எஞ்சிய கொள்ளளவை ஸ்பைரோமீட்டரால் நேரடியாக அளக்க முடியாது. ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசிக்கவைத்துக் கணக்கிடுவது அதற்கு ஒரு வழி.