கியர் கேபிள் மாற்றுதல்

கியர் கேபிள் என்பது, கியர் தண்டின் அசைவை முன்பக்கத்துக் கியர்பெட்டிக்குக் கொண்டுசெல்லும் எஃகுக் கம்பி. உறைக்குள் ஓடும் இவ்வகைக் கம்பிக்கு, 1896இல் காப்புரிமை பெற்ற எர்னஸ்ட் மொனிங்டன் பௌடனின் பெயர் வழங்குகிறது. சைக்கிள் பிரேக்கில் அது இழுத்தால் போதும். காரில் தள்ளவும் வேண்டும் என்பதால் உள்கம்பி தடித்து விறைப்பாக இருக்கும். மேனுவல் காரில் பொதுவாக இரண்டு கேபிள்கள்: ஒன்று இட வல அசைவுக்கு, மற்றது முன் பின் அசைவுக்கு. ஆட்டோ காருக்கு ஒன்றே.

கேபிள் கெடுவதில் ஊரின் ஈரத்துக்கும் பங்குண்டு. ஜொகூரின் மூவார், மலாக்கா நீரிணையில் ஆறு கலக்கும் இடத்து ஊர். ஈரக் காற்று, அடைமழை, அவ்வப்போது வெள்ளம். 2006 டிசம்பரில் தொடங்கிய பெருவெள்ளம் மூவார் வட்டாரத்தையும் விடவில்லை. உறை வெடித்த கேபிளுக்குள் நீர் இறங்கினால் கம்பி துருவேறி இறுகும். ஆனால் தண்டு தொளதொளவென்று ஆடி, கியர் விழாமல் போனால் முதலில் பார்க்க வேண்டியது கேபிள் முனையிலுள்ள பிளாஸ்டிக் புஷ். சூட்டில் அது நொறுங்கும். புஷ் மட்டும் தனியாகக் கிடைத்தால் முழுக் கேபிளுக்குச் செலவழிப்பது வீண். பெரோடுவா கஞ்சில் (1994), புரோட்டோன் வீரா போன்ற பழைய வண்டிகளுக்குக் கேபிள் வாங்கும்போது மேனுவலா ஆட்டோவா, எந்த ஆண்டு என்று சொல்லிக் கேட்பதோடு, பழையதை அருகில் வைத்து நீளம் ஒப்பிடுவதும் நல்லது. பழைய வண்டிகளின் பாகங்களை விற்கும் பொத்தோங் கடையில் கிடைக்கும் பழைய கேபிள் மலிவு. அதன் வயது யாருக்கும் தெரியாது.

வீட்டில் செய்வோர் தவறும் இடம் ஒன்று உண்டு. தாமான் வீடுகளின் போர்ச் தரையைப் பெரும்பாலும் மழைநீர் வடியச் சற்றுச் சாய்த்துப் போட்டிருப்பார்கள். கேபிளைக் கழற்றிய பின் தண்டு ‘பி’யில் நிற்பதற்குப் பொருளே இல்லை, கியர்பெட்டி நியூட்ரலில் இருக்கலாம். எனவே சமதரை, ஹேண்ட்பிரேக், சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. வண்டிக்கு அடியில் போவதானால் ஜாக்கியை நம்பாமல் தாங்கிகள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பேட்டரி இணைப்பையும் எடுத்துவிட வேண்டும்.

கழற்றும் முன் கேபிள் போகும் வழியைப் படம் எடுத்து, மேனுவலானால் இரண்டுக்கும் வெவ்வேறு நிற டேப் ஒட்டுவது வழக்கம். தண்டைச் சுற்றிய பிளாஸ்டிக் மூடியை நீக்கி, இரு முனைகளிலும் உள்ள கிளிப்புகளைப் பிடுங்கினால் கேபிள் விடுபடும். பழைய கிளிப் தெறித்து எஞ்சின் அடியில் மறைவது இந்த வேலையின் தவிர்க்க முடியாத சடங்கு. புதியதைப் பழைய வழியிலேயே, புகைக்குழாய்ச் சூடு படாமல், கூர்மையாக வளைக்காமல் செலுத்த வேண்டும்.

அடுத்தது அளவு சரிசெய்தல். தண்டும் கியர்பெட்டி நெம்புகோலும் மேனுவலில் நியூட்ரலிலும், ஆட்டோவில் வண்டியின் கையேடு சொல்லும் நிலையிலும் இருக்கும்போது, கேபிள் முனை அழுத்தமின்றித் தானாக நெம்புகோல் ஊசியில் உட்கார வேண்டும். பிடித்திழுத்து மாட்டினால் கியர் பாதியில் நிற்கும்.

பேட்டரியை மாட்டிய பின், பிரேக்கை மிதித்தபடி சோதிக்க வேண்டும். ஆட்டோ காரின் எஞ்சின் ‘பி’, ‘என்’ இரண்டில் மட்டும் கிளம்ப வேண்டும். ‘ஆர்’ போட்டால்தான் ரிவர்ஸ் விளக்கு எரிய வேண்டும். வேறு கியரிலும் கிளம்பினால் அளவு தவறு. அப்படியே தெருவில் இறக்குவது ஆபத்து. கேபிள் நுழையும் துளையின் ரப்பர் வளையமும் முழுதாகப் பதிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த மழையில் கால்விரிப்பு நனைந்திருக்கும்.