சிங்கப்பூர்த் திடலில் எழுந்த குரல்

1943ஆம் ஆண்டு யூலை 5ஆம் நாள், சிங்கப்பூர் நகரமண்டபத்தின் முன்னுள்ள திடலிலே இந்திய தேசிய இராணுவத்தினர் அணிவகுத்து நின்றனர். அவர்முன் உரையாற்றிய சுபாஸ் சந்திர போஸ் "டில்லி நோக்கிச் செல்க" என்னும் போர்முழக்கத்தை அளித்தார். ஆயினும், வெற்றியை எளிதிற் கிட்டும் பொருளாக அவர் காட்டினாரல்லர். பசியும் தாகமும் நெடுநடையும் சாவுமே இப்பொழுது தம்மாற் கொடுக்கத்தக்கவை என்றார். மூன்றாண்டுகளின் முன் சேர்ச்சில் தம் பாராளுமன்றத்திற் பேசியதும் இத்தகையதே. ஆனால் சேர்ச்சிலுக்குப் பின்னால் ஓர் அரசும் கடற்படையும் இருந்தன. போசுக்கோ நாடே கைவசமில்லை.

நான்கு நாட்களின் பின் அதே திடலிற் பொதுமக்கள் திரண்டனர். மழை பொழிந்தும் கூட்டம் கலையவில்லை. பெண்களும் படையாகத் திரளவேண்டும் என்னும் அழைப்பு அன்று விடுக்கப்பட்டது.

மலாயாவில் அவரைக் கேட்டோருட் பெரும்பாலார் தமிழர். அவர் பேசியதோ இந்துஸ்தானி. தமிழ் மொழிபெயர்ப்பு வழியாகவே பொருள் அவர்களைச் சென்றடைந்தது. அங்ஙனமாயின் அவர்தம் உள்ளத்தை உருக்கியது சொல்லழகு மாத்திரமன்று. இரப்பர்த் தோட்டங்களிற் 'கூலி' என விளிக்கப்பட்டவரை ஒருவர் போர்வீரர் என விளித்தார். பெறுவோராக அன்றிக் கொடுப்போராக மதித்தார். அவ்வுரையின் வலி இம்மதிப்பிலேயே தங்கியிருந்தது எனலாம். கோலாலம்பூர்க் கூட்டமொன்றில் இளம்பெண்ணாகிய ஜானகி தாவர் தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்தமையும், பின்னர் ஜான்சிராணிப் படையில் அதிகாரியாக உயர்ந்தமையும் இதற்குச் சான்றாகும். ஈப்போவிற் பிறந்த இலங்கைத் தமிழ்ப் பெண்ணாகிய இராசம்மா நவரத்தினம் தம் பதினாறாம் வயதிற் தமக்கையுடன் அப்படையிற் சேர்ந்து பர்மா சென்றார். மலாயாவிற் புகையிரதப் பகுதியிலும் அரசாங்க அலுவலகங்களிலும் ஊழியம் பார்த்துப் பென்சனோடு ஊர் மீண்டவரை நன்கறிந்த யாழ்ப்பாணத்தார்க்கு, இலங்கைத் தமிழ்க் குடும்பத்து மகள் துவக்கேந்தியமை சிறுசெய்தி அன்று.

எனினும், வரலாறு அத்திடலோடு நின்றுவிடாது. அதே ஆண்டில், அதே தோட்டங்களிலிருந்து யப்பானியராற் கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர், சயாம்–பர்மா இருப்புப்பாதை வேலையில் வாந்திபேதியாலும் பட்டினியாலும் மாண்டனர். யப்பானியரின் துணையை நாடிநின்ற தலைவரால் அக்கொடுமையைத் தடுத்துநிறுத்த இயலவில்லை. அவ்வுரையைப் போற்றுவோர் பலர் இப்பகுதியைத் தொடாது விடுவது நேர்மையன்று.

1944இல் இம்பாலில் யப்பானியப் படையும் அதனோடு சென்ற இந்திய தேசிய இராணுவமும் தோல்வியுற்றுப் பின்வாங்கின. 1945 செப்டெம்பரிற் சிங்கப்பூருக்கு மீண்ட பிரித்தானியர், அத்திடலுக்கு அண்மையிற் கடலோரத்தில் எழுப்பப்பட்டிருந்த அவ்விராணுவத்தின் நினைவுச்சின்னத்தை வெடிவைத்துத் தகர்த்தனர்.