கானத்துக் கோழியும் வீட்டுக் கோழியும்

சங்க இலக்கியத்திலே மயிலுக்கும் கிளிக்கும் கிடைத்த புகழ் கோழிக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் குறுந்தொகை என்ற ஒரே தொகைநூலில் இரண்டு வகைக் கோழிகளை நாம் சந்திக்கிறோம். ஒன்று 139 ஆம் பாடலில் வருவது. பாடியவர் ஒக்கூர் மாசாத்தியார். மாலை வேளையில் வேலியோரம் காட்டுப் பூனைகள் வருவதைக் கண்ட வீட்டுப் பேடை, பதறிக் குரல் எழுப்பித் தன் குஞ்சுகளை ஒன்று சேர்க்கிறது. அதன் கால் குட்டையானது என்பதையும் புலவர் சொல்லாமல் விடவில்லை. மற்றது 242 ஆம் பாடலில் வருவது. பாடியவர் குழற்றத்தனார். முல்லைக் காட்டிலே ஒரு சேவல் நிற்கிறது. அதன் புள்ளிகள் விளங்கும் கழுத்தின்மேல் குளிர்ந்த நீர்த்துளிகள் விழுகின்றன.

ஒரு கோழியை மனையோடும் மற்றக் கோழியைக் கானத்தோடும் சேர்த்தே பழந்தமிழர் சொன்னார்கள். அகப்பொருள் இலக்கணம் வகுத்தவர்கள் முல்லை நிலத்தின் பறவையாகக் கானக்கோழியைக் குறித்தார்கள். தொல்காப்பிய மரபியலோ 'அளகு' என்ற பெண்பாற் பெயரைக் கோழிக்கும் கூகைக்கும் உரியதாக்கி, மற்றப் பறவைகளுக்கு அது பொருந்தாது என்றது. பெயரிலே இத்தனை கவனம் காட்டிய மொழி நம்முடையது. அந்தக் கவனம் இன்று நமது கண்ணிலும் காதிலும் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்வியை மலையகத்திலிருந்து கேட்பதற்குக் காரணம் உண்டு. நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவை நோக்கிப் போனாலும் மஸ்கெலியா நோக்கிப் போனாலும், தேயிலை மலைகளுக்கு மேலே உச்சிகளிலும் ஓடைக்கரைகளிலும் காடு எஞ்சி நிற்பதைக் காணலாம். கோப்பிக் காலத்தில் வெட்டத் தொடங்கிய காடு, 1869 இல் கோப்பி இலைநோய் வந்த பின்பு தேயிலைக்காகவும் வெட்டப்பட்டது. எஞ்சிய காட்டிலே காட்டுக்கோழி வாழ்கிறது. அதற்குக் கீழே லயங்களின் பின்புறத்தில் வீட்டுக்கோழி வாழ்கிறது. இரண்டுக்கும் இடையில் சில ஏக்கர் தேயிலையும் கொஞ்சம் மானாப் புல்லுந்தான் உள்ளன. கூட்டை விட்டுத் தப்பிய கோழியும், சாமிக்கு நேர்ந்துவிட்ட சேவலும் சில வேளைகளில் அந்த எல்லையைத் தாண்டுகின்றன. லயத்துக் கோழி காட்டுக்குள் போய்விட்டால் அது காட்டுக்கோழியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது உண்மையன்று. காட்டுக்குப் போன வீட்டுக்கோழி, காட்டிலே வாழும் வீட்டுக்கோழிதான்.

உலகில் காட்டுக்கோழி இனங்கள் நான்கே. வட இந்தியாவிலிருந்து தென்கிழக்காசியா வரை வாழ்வது செங்காட்டுக்கோழி. தென்னிந்தியாவிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வாழ்வது சாம்பற் காட்டுக்கோழி. ஜாவாவிலும் அதன் அயல் தீவுகளிலும் வாழ்வது பச்சைக் காட்டுக்கோழி. நான்காவது இலங்கைக் காட்டுக்கோழி. இது இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லை. யால, வில்பத்து போன்ற வறண்ட வனங்களிலிருந்து ஹோர்ட்டன் சமவெளி வரை இதைக் காணலாம். நமது தேசியப் பறவையும் இதுவே. சிங்களத்தில் இதை 'வளி குக்குளா' என்பார்கள். நமது நிகண்டுகள் கூறும் 'குக்குடம்' என்ற வடசொல்லும் அந்தக் 'குக்குளா'வும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

எப்படி இனங்காண்பது? முதலிலே சேவலின் கொண்டையைப் பார்க்க வேண்டும். இலங்கைக் காட்டுச் சேவலின் கொண்டை ஓரத்திலே சிவப்பாகவும் நடுவிலே மஞ்சளாகவும் இருக்கும். எந்த வீட்டுச் சேவலுக்கும் இந்த மஞ்சள் திட்டு இல்லை. அதன் கழுத்தும் முதுகும் பொன்மஞ்சள். மார்பும் வயிறும் செம்மஞ்சள். சிறகும் வாலும் ஊதாவும் நீலமும் கலந்த கருமை. வீட்டுச் சேவல் வாலைத் தூக்கி அரிவாள் போல வளைத்துக்கொண்டு நடக்கும். காட்டுச் சேவல் வாலைத் தாழ்த்தியே நடக்கும். ஆள் அரவம் கேட்டால் சத்தமின்றிப் பற்றைக்குள் மறைந்துவிடும்.

பேடை இன்னும் எளிதிலே தன்னைக் காட்டிக்கொடுக்கும். காட்டுப் பேடை சிறியது. கொண்டை இருக்கிறதா இல்லையா என்று ஐயுறும் அளவுக்குக் குறுகியது. உடல் பழுப்பு, மார்பிலும் வயிற்றிலும் வெள்ளையும் கருமையுமான கோலம், சிறகிலே பட்டைகள். ஒரு தடவையில் இரண்டு முதல் நான்கு முட்டைகளே இடும். வெள்ளை, கறுப்பு, புள்ளி என்று பல நிறம் காட்டுவது மனிதன் பார்த்துப் பார்த்துப் பெருக்கிய கோழியின் அடையாளம். இன்னொரு விதியையும் மனதில் வைத்துக்கொள்ளலாம். செங்காட்டுக்கோழி இலங்கையில் இயற்கையாக இல்லை. ஆதலால் நமது காட்டிலே முழுச் சிவப்புக் கொண்டையுடன் ஒரு செஞ்சேவலைக் கண்டால், அது எத்தனை அழகாக இருந்தாலும், வீட்டிலிருந்து போனதே.

கண் ஏமாந்தாலும் காது ஏமாறாது. வீட்டுச் சேவல் கூவுவதைத் தமிழ்க் குழந்தை 'கொக்கரக்கோ' என்று சொல்லும். கடைசி ஓசையை அது நீட்டி இழுக்கும். இலங்கைக் காட்டுச் சேவலின் கூவலோ குறுகியது, வெட்டிவிட்டாற்போல முடிவது. 'ச்சியொக், ச்சோ-ச்சொயிக்' என்று ஒருவாறு எழுதலாம். ஆங்கிலேயரின் காதுக்கு அது 'ஜோர்ஜ் ஜோய்ஸ்' என்று யாரோ ஒருவரைப் பெயர் சொல்லி அழைப்பது போலக் கேட்டதாம்!

இந்தக் குரல் விஞ்ஞான வரலாற்றிலே ஒரு முக்கியமான வழக்கைத் தீர்க்க உதவியது என்பது பலருக்குத் தெரியாது. வீட்டுக்கோழியின் மூதாதை யார் என்பதே அந்த வழக்கு. 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்த சொன்னெரா என்ற பிரெஞ்சுக்காரர், தென்னிந்தியாவின் சாம்பற் காட்டுக்கோழியே அந்த மூதாதை என்று கருதினார். 1813 இல் தெம்மிங்க் என்ற ஒல்லாந்த அறிஞர் அந்தப் பறவைக்குச் சொன்னெராவின் பெயரையே சூட்டினார். 1831 இல் லெஸொன் என்ற பிரெஞ்சு அறிஞர் இலங்கைக் காட்டுக்கோழிக்கு லாபயெத் என்ற பிரெஞ்சுத் தளபதியின் பெயரைச் சூட்டினார். அமெரிக்க விடுதலைப் போரிலே போரிட்டவர் அவர். நமது தேசியப் பறவை விஞ்ஞான நூல்களிலே இன்றும் அவர் பெயரைத்தான் சுமக்கிறது.

அடுத்து வந்தவர் டார்வின். வளர்ப்புயிர்கள் அடையும் மாறுதல்கள் பற்றி 1868 இல் அவர் வெளியிட்ட பெருநூலில் கோழிக்கென ஓர் அத்தியாயம் உண்டு. இலங்கைப் பறவையைப் பற்றி அவர் இருவரிடம் கேட்டறிந்தார். ஒருவர் இங்கே அரச சேவையிலிருந்த லேயார்ட். மற்றவர் இந்த மண்ணிலேயே பிறந்த வைத்தியரும் 1852 இல் இலங்கை விலங்குகளைப் பற்றி நூல் வெளியிட்டவருமான கெலார்ட். கழுத்தின் நிறத்தைத் தவிர மற்றவற்றில் இப்பறவை வீட்டுக்கோழியை மிகவும் ஒத்தது. குரல் மட்டும் இவ்வளவு வேறுபடாதிருந்தால் இதையும் வீட்டுக்கோழியின் மூதாதைகளுள் ஒன்றென்றே கொண்டிருப்போம் என்பது அவ்விருவரின் கருத்து. காட்டுச் சேவல்கள் தனித்த பண்ணைகளுக்கு வந்து வீட்டுப் பேடைகளோடு கூடுவதையும், அவ்வாறு பிறந்த கலப்புக் கோழிகள் இரண்டு மலடாக இருந்ததையும், இரண்டும் காட்டுக் குரலையே பெற்றிருந்ததையும் டார்வின் பதிவு செய்தார். எல்லாவற்றையும் சீர்தூக்கி, வீட்டுக்கோழியின் மூதாதை செங்காட்டுக்கோழியே என்று தீர்ப்பளித்தார்.

தீர்ப்பு பெரும்பாலும் நிலைத்தது. 863 கோழிகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2020 இல் வெளியான ஆய்வு, சீனாவின் தென்மேற்கு, தாய்லாந்தின் வடக்கு, மியன்மார் ஆகிய பகுதிகளில் வாழும் செங்காட்டுக்கோழியின் ஒரு கிளையே வீட்டுக்கோழியின் மூலம் என்று காட்டியது. 2022 இல் வெளியான தொல்லியல் ஆய்வு, மத்திய தாய்லாந்தின் பான் நொன் வாட் என்ற இடத்தில் கிடைத்த எலும்புகளே ஐயத்துக்கிடமற்ற மிகப் பழைய வீட்டுக்கோழி எலும்புகள் என்றது. அவற்றின் காலம் கி.மு. 1650 க்கும் 1250 க்கும் இடைப்பட்டது. மனிதன் நெல்லும் தினையும் விதைத்தபோது, சிந்திய தானியத்தைத் தேடிக் காட்டுக்கோழி தானாகவே அவன் வாசலுக்கு வந்தது என்பது அவ்வாய்வாளர்களின் விளக்கம்.

ஆனால் சொன்னெராவும் முற்றாகத் தோற்றுவிடவில்லை. வீட்டுக்கோழியின் மஞ்சள் காலுக்குக் காரணமான மரபணு செங்காட்டுக்கோழியிலிருந்து வரவில்லை. தென்னிந்தியாவின் சாம்பற் காட்டுக்கோழியிலிருந்தே வந்தது என்று 2008 இல் கண்டறியப்பட்டது. இங்கே குழற்றத்தனாரை மீண்டும் நினைக்க வேண்டும். சாம்பற் காட்டுச் சேவலின் கழுத்து இறகுகளிலே மெழுகு வைத்தாற்போல மஞ்சள் புள்ளிகள் மின்னும். செங்காட்டுச் சேவலுக்கோ இலங்கைச் சேவலுக்கோ அவை இல்லை. புலவர் கழுத்தின் புள்ளியைச் சொன்னபோது, பறவையியலார் இன்று இனங்காணப் பயன்படுத்தும் அதே அடையாளத்தையே சொல்லியிருக்கிறார் என்பது என் துணிபு. உலகெங்கும் உள்ள மஞ்சட்கால் கோழிகளிலே அந்தத் தமிழ்க் கானத்துச் சேவலின் வழிப் பறவைகளின் பங்கும் இருக்கிறது.

இவ்வாறு கலப்பு நடக்குமென்றால், வேறு பிரிப்பதிலே என்ன பயன் என்று கேட்கலாம். ஒரு சொட்டுக் கலப்பு வரலாறு. ஓயாத கலப்பு அழிவு. தென்கிழக்காசியாவின் செங்காட்டுச் சேவல், இனப்பெருக்க காலம் முடிந்ததும் கழுத்துப் பொன்னிறகை உதிர்த்துச் சிறிது காலம் கருநிற இறகு பூணும். வீட்டுச் சேவலுக்கு இந்த வழக்கம் இல்லை. 1990 களின் இறுதியிலே இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் நூதனசாலைகளிலுள்ள பழைய பறவைத் தோல்களைப் பார்த்து, இந்த வழக்கம் பல பகுதிகளிலே மறைந்துவருவதைக் கண்டார்கள். காட்டுக்கோழி சுடப்பட்டு அழியவில்லை; வீட்டுக்கோழியோடு கலந்து கரைந்துகொண்டிருந்தது. ஹவாயின் கவாய்த் தீவில், முன்பு பொலினீசியர் கொண்டுவந்த செங்கோழிகளோடு 1982, 1992 ஆம் ஆண்டுகளின் புயல்களிலே கூடு உடைந்து தப்பிய வீட்டுக்கோழிகள் கலந்தன என்பர். இன்று அங்கே தெருவெங்கும் கோழி. எது எதன் வழி வந்தது என்று மரபணுவைப் பார்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

நமது பறவைக்குக் குரலும் கொண்டையும் இன்னும் காவலாக நிற்கின்றன. ஆனால் வேறு ஆபத்துகள் உண்டு. ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்தில் நெலு என்று சிங்களவர் அழைக்கும் செடி, நமது குறிஞ்சியின் இனம். பல ஆண்டுகளுக்கு ஒருமுறை அது பூத்து விதைக்கும் காலத்தில் காட்டுக்கோழிகள் திரண்டு வந்து விதையைத் தின்று மயங்கிக் கிடந்ததையும், அவற்றை எளிதிலே கொன்றதையும் பற்றி 19 ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் எழுதி வைத்தார்கள். அந்த வேட்டைக் காலம் போய்விட்டது. 1937 இல் வந்த விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஆயினும் காட்டோரத்திலே கண்ணி வைப்பது நிற்கவில்லை. கண்ணிக்குக் கோழி எது, பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. 2020 மே மாதத்தில் நல்லதண்ணியில் லக்ஷபான தோட்டத்திலே கண்ணியில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை, உடவளவைக்குக் கொண்டுபோகப்பட்டும் பிழைக்கவில்லை.

1891 இல் கந்தப்பளையிலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர் ஜி.எம். ஹென்றி. 1955 இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட இலங்கைப் பறவைகள் நூலை ஆர்வலர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். மலைநாட்டுத் தோட்டத்திலே பிறந்த ஒருவருக்கு அது இயன்றது. அதே மலைகளில் ஐந்தாறு தலைமுறையாகக் கொழுந்து பறிப்பவர்களின் பிள்ளைகள் காட்டுச் சேவலின் கூவலை அன்றாடம் கேட்டு வளர்கிறார்கள். அவர்கள் கேட்டதைத் தமிழில் எழுதிவைக்க வேண்டாமா?

கோழியின் கதை மலையகத்தவர் காதுக்கு வேறொரு பொருளையும் சொல்லும். வீட்டுக்கோழி இந்தத் தீவுக்கு வெளியிலிருந்து வந்தது. அதை எவரும் அந்நியக் கோழி என்று சொல்வதில்லை. எந்த வழியாக வந்தாய் என்று கேட்பது வரலாற்றின் வேலை. வந்தாய் என்பதற்காக வாசலை மூடுவது வரலாற்றின் வேலையன்று. 1948 இன் குடியுரிமைச் சட்டத்திலிருந்து 2003 இன் சட்டம் வரை காத்திருந்த மக்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. வேறுபாட்டை அறிவது ஒன்று, வேற்றுமை பாராட்டுவது இன்னொன்று. காட்டுக்கோழியைக் காட்டுக்கோழியென்று அறிவதாலேயே அதைக் காக்க முடியும். வீட்டுக்கோழியை வீட்டோடு கூட்டில் அடைத்து வளர்ப்பதும், காட்டோரத்துக் கண்ணிகளை அகற்றுவதும் அந்த அறிவின் பயன்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோளுடன் நிறுத்துகிறேன். குறுந்தொகையின் இவ்விரண்டு பாடல்களையும் வகுப்பிலே அடுத்தடுத்து நடத்துங்கள். பின்பு மாணவர்களை, விடியற்காலையில் வாசலில் நின்று இரண்டு சேவல்களின் குரலையும் கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதிவரச் சொல்லுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு விதமாக எழுதுவான். ஆனால் ஒன்றை மற்றதென்று எழுதும் பிள்ளை ஒருவனும் இருக்கமாட்டான்.