அம்பிகாபதி அமராவதி கதை

அம்பிகாபதி அமராவதி கதை என்பது தமிழில் வழங்கும் துன்பியல் காதல் கதைகளுள் ஒன்றாகும். கம்பரின் மகன் அம்பிகாபதிக்கும் சோழ இளவரசி அமராவதிக்கும் இடையிலான காதலை இது கூறுகிறது. செவிவழியாகவும் தனிப்பாடல்கள் வாயிலாகவும் பரவிய இக்கதை வரலாற்று நிகழ்வாக உறுதிப்படுத்தப்படவில்லை. மறைமலையடிகள் இதனை நாடகமாக எழுதியுள்ளார்.

கதைச் சுருக்கம்

காதலை அறிந்து சினமுற்ற சோழ மன்னன், சிற்றின்பக் கலப்பின்றி இறைவனைப் பற்றி நூறு பாடல்கள் பாடினால் அமராவதியை மணமுடித்துத் தருவதாகவும், தவறினால் கொலைத் தண்டனை என்றும் அறிவித்தான். மலர்களைக் கொண்டு பாடல்களை எண்ணிய அமராவதி, கணக்கில் சேராத காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணினாள். தொண்ணூற்றொன்பதாம் பாடல் முடிந்ததும் நூறு நிறைந்ததாகக் கருதி வெளிப்பட்டாள். அவளைக் கண்ட அம்பிகாபதி அவள் அழகைப் பாடிவிட்டான். அவன் கொல்லப்பட, அவளும் உயிர் துறந்தாள்.

கதைமாந்தர்

* அம்பிகாபதி - கண்டதை உடனே கவிதையாக்குபவன். அவனது புலமையே அவனது குறையுமாகிறது.
* அமராவதி - காதலனைக் காக்க எண்ணிக்கை வைத்திருந்தவள். அந்த எண்ணிக்கையாலேயே அவனை இழக்கிறாள்.
* கம்பர் - மகன்மீது பாசமும் அரசவைப் பொறுப்பும் கொண்டவர்.
* ஒட்டக்கூத்தர் - கம்பரின் போட்டிப் புலவர். மன்னனின் ஐயத்தை வளர்ப்பவராகக் காட்டப்படுகிறார்.

இலக்கிய உத்திகள்

முன்னுணர்த்தல்: அரண்மனை விருந்தில் உணவு பரிமாற வந்த அமராவதியைக் கண்டு அம்பிகாபதி தன்னை மறந்து பாடத் தொடங்குகிறான். கொட்டிக்கிழங்கு விற்கும் பெண்ணைப் பற்றிய பாடலாக அதனை முடித்துக் கம்பர் மகனைக் காப்பாற்றுகிறார். இறுதிச் சோதனையிலும் அதே தவறு நிகழ்கிறது. இம்முறை காக்க எவராலும் இயலவில்லை.

நாடக முரண்: எண்ணிக்கை குறைவதைப் படிப்போர் அறிவர், காதலர் அறியார்.

ரோமியோ ஜூலியட்டுடன் ஒப்பீடு

சேக்சுபியரின் ரோமியோ ஜூலியட் (முதல் அச்சு 1597) நாடகத்திலும் முடிவைத் தருவது ஒரு சிறு பிழையே. கொள்ளைநோய் அச்சத்தால் தூதர் அடைத்துவைக்கப்பட, ஜூலியட் இறக்கவில்லை என்னும் மடல் ரோமியோவைச் சேரவில்லை. ஆயினும் இரு கதைகளிலும் பிழை உடனடிக் காரணம் மட்டுமே. அங்கு இரு குடும்பங்களின் பகையும், இங்கு கவிதைக்கு உயிரைப் பணயமாக வைத்த மன்னனின் நிபந்தனையும் அடிப்படைக் காரணங்களாகும். எனவே இவற்றை விதியின் விளையாட்டாக மட்டும் படிப்பது முழுமையாகாது. ரோமியோ ஜூலியட்டின் இறுதியில் குடும்பங்கள் சமாதானமடைகின்றன. அம்பிகாபதி கதையில் அத்தகைய ஆறுதல் இல்லை.

திரைப்படங்கள்

எல்லிசு ஆர். டங்கன் இயக்கிய அம்பிகாபதி 1937-இல் வெளிவந்தது. எம். கே. தியாகராஜ பாகவதரும் எம். ஆர். சந்தானலட்சுமியும் நடித்தனர், உரையாடலை இளங்கோவன் எழுதினார். இதன் காதல் காட்சிகளில் ரோமியோ ஜூலியட்டின் தாக்கம் உண்டு. 1957-இல் சிவாஜி கணேசன், பானுமதி நடிப்பில் இக்கதை மீண்டும் படமானது.

இவற்றையும் பார்க்க

* கம்பர்
* அம்பிகாபதிக் கோவை
* துன்பியல் நாடகம்